ஆடும் காற்று, ஓடும் காற்று: வேக்போர்டு படகுக்குள் சப்வூஃபர் வந்த கதை

ஸ்பீக்கரின் கோன் முன்னால் நகரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே நொடியில் பின்பக்கக் காற்று இளகுகிறது. முன்னால் மேடு, பின்னால் பள்ளம். இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று நிரப்பிக்கொண்டு அடங்கிவிடும். உயர்ந்த ஸ்வரங்களில் இது பெரிய தொந்தரவு இல்லை. கீழே போகப் போக அலை நீளமாகிறது, கோனைச் சுற்றி வளைந்து பின்பக்கம் போய்விடுகிறது, சத்தமே காணாமல் போகிறது. பெட்டியில் மாட்டாத ஒரு பெரிய ஸ்பீக்கரைக் கையில் பிடித்துப் பாட்டுப் போட்டுப் பாருங்கள். கோன் துடிக்கிறது கண்ணுக்குத் தெரியும். தபேலாவின் பாயா மட்டும் காதுக்கு வராது.

அந்தப் பின்பக்கக் காற்றை என்ன செய்வது? கடந்த நூறு வருடமாக ஸ்பீக்கர் பெட்டி செய்தவர்களுக்கு இதுதான் கேள்வி. வீட்டு ஹாலுக்கு ஒரு பதில் கிடைத்தது. காருக்கு இன்னொரு பதில். தீர்ந்துவிட்டது என்று நினைத்த வழக்கு, கூரை இல்லாத, மூலை முடுக்கெல்லாம் அறை அறையாகப் பிரித்த, பெட்ரோல் எஞ்சினைச் சுமக்கிற ஒரு படகுக்குள் மறுபடி விசாரணைக்கு வந்தது. வேக்போர்டு படகில் சப்வூஃபரை எங்கே வைப்பது, அதற்கு எங்கே காற்றுவழி விடுவது என்பது கேட்பதற்கு சில பேரின் பொழுதுபோக்குப் பிரச்சினை மாதிரிதான் இருக்கும். உள்ளே போனால் இரண்டு தனித்தனி வரலாறுகள் ஒரே ஓட்டையில் வந்து முட்டுகின்றன. ஒன்று ஒலியின் வரலாறு. மற்றது தீ விபத்தின் வரலாறு.

அலை வேண்டாம் என்ற படகு, அலை வேண்டும் என்ற படகு

முதலில் படகு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், லேக் பெப்பின் என்ற நீர்ப்பரப்பில், 1922-ல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, படகு இழுக்கத் தண்ணீர்மேல் நின்று காட்டினார். வாட்டர் ஸ்கீயிங் பிறந்த கதையாக இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கென்றே படகு கட்டும் கம்பெனிகள் பின்னால் வளர்ந்தன. ஃப்ளோரிடாவில் மெலூன் குடும்பத்தார் 1925-ல் தொடங்கிய படகுத் தொழில்தான் பிறகு கரெக்ட் கிராஃப்ட் ஆனது. அவர்கள் 1961-ல் கொண்டுவந்த ஸ்கீ நாட்டிக் படகு, ஸ்கீயர்களுக்காகவே செய்த கண்ணாடியிழைப் படகு.

இந்த இரண்டு வருடங்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு இடத்தில் இதே எண்கள் வரும்.

ஸ்கீ படகுக்கு ஒரே ஒரு லட்சியம். பின்னால் எழும் அலை சின்னதாக இருக்கணும். ஸ்கீயர் அந்த அலையைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், தடுக்கி விழக் கூடாது. அதனால் எஞ்சினைப் படகின் நடுவில் வைத்தார்கள். எடை சமமாகப் பரவும், படகு தட்டையாக ஓடும், அலை தணியும். நடுவில் எஞ்சின் பெட்டி, அதைச் சுற்றி நாலு பேர் உட்கார இடம். பாட்டு என்றால் பக்கச் சுவரில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

1985-ல் கலிஃபோர்னியாவில் டோனி ஃபின் என்பவர் ஸ்கர்ஃபர் என்ற பலகையைக் கொண்டுவந்தார். கடலலையில் சறுக்கும் பலகையையும் ஸ்கீயையும் கலந்த மாதிரி ஒன்று. 1990-ஐ ஒட்டி ஹெர்ப் ஓபிரையன் ஹைப்பர்லைட் என்ற பலகையைச் செய்தார். தண்ணீரில் அதிகம் மிதக்காமலும் முழுகாமலும் இருப்பதால் யார் வேண்டுமானாலும் ஏறி நிற்க முடிந்தது. 1996-ல் எக்ஸ் கேம்ஸ் போட்டிகளில் வேக்போர்டிங் சேர்ந்தது. ஆட்டம் மாறியதும் படகின் லட்சியம் தலைகீழானது. வேக்போர்டு ஆடுகிறவருக்குப் படகு கிளப்பும் அலைதான் மேடை. அது எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் துள்ளலாம்.

ஆகவே எஞ்சின் நடுவிலிருந்து பின்பக்கம் போனது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒரு கியர் பெட்டிக்குள் போய் 'வி' எழுத்துப் போலத் திரும்பிப் பின்னால் வரும் அமைப்பு. இதை வி-டிரைவ் என்கிறார்கள். போதாதென்று இருக்கைக்கு அடியிலும் பின் அறைகளிலும் நூற்றுக்கணக்கான கிலோ தண்ணீரை ஏற்றிப் படகைக் கனமாக்கினார்கள். அந்தப் பைகளுக்கு பேலஸ்ட் என்று பெயர். 1990-களின் பிற்பகுதியில் படகுக்கு மேலே உலோக வளைவு ஒன்று நின்றது. கயிற்றை உயரத்திலிருந்து இழுத்தால் ஆடுகிறவர் லேசாக எழும்புவார் என்பதற்காக வந்த டவர் அது. வந்த கொஞ்ச நாளில் அதில் ஸ்பீக்கரும் ஏறிவிட்டது, கேட்கணுமா!

எஞ்சின் பின்னால் போனதில் இன்னொரு காரியமும் நடந்தது. நடுவில் பெரிய திறந்த கூடம் கிடைத்தது. பத்துப் பேர் சுற்றி உட்காரலாம். படகு ஒரு மிதக்கும் திண்ணை ஆனது. திண்ணை இருந்தால் பாட்டு வேண்டும். பாட்டு என்றால், அந்தத் தலைமுறைக்கு, காரில் கேட்டுப் பழகிய அந்த இடிக்கும் பாஸ் வேண்டும். இங்கேதான் சப்வூஃபர் உள்ளே வருகிறது.

பின்பக்கக் காற்றின் நூறு வருடம்

இப்போது ஒலியின் பக்கம் போவோம். 1925-ல், அதாவது மெலூன் குடும்பம் படகுத் தொழில் தொடங்கிய அதே வருடம், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதுவரை ஒலிபெருக்கி என்றால் குழாய்தான், நம்மூர்த் திருவிழாவில் மரத்தில் கட்டுவார்களே, அந்தப் புனல் வடிவம். புனலே இல்லாத ஒலிபெருக்கி என்று தலைப்பிலேயே சொன்னார்கள். காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கோன். இன்று நம் வீட்டில் இருக்கும் ஸ்பீக்கர் ஏறக்குறைய அதேதான். கோனுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றைப் பிரிக்க ஒரு தடுப்புப் பலகை வேண்டும் என்பதையும் அவர்கள் கண்டுகொண்டார்கள். பலகை பெரிதாக இருக்கிற அளவுக்குக் கீழ் ஸ்வரம் கேட்கும். எல்லையே இல்லாத பலகை என்றால் முழுத் தீர்வு. அதைத்தான் இன்றும் இன்ஃபினிட் பேஃபிள் என்கிறோம். நடைமுறையில் சுவரில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டி, அடுத்த அறையைப் பின்பக்கக் காற்றுக்குக் கொடுத்துவிடுவது.

அடுத்த யோசனை பெல் ஆய்வகத்து ஆல்பர்ட் துராஸுடையது. 1930-ல் விண்ணப்பித்து 1932-ல் காப்புரிமை வாங்கினார். பின்பக்கக் காற்றை ஏன் வீணாக்க வேண்டும்? பெட்டிக்குள் அடைத்து, ஒரு குழல் வழியாக வெளியே விடலாம். குழலுக்குள் இருக்கும் காற்று ஒரு கட்டி மாதிரி. பெட்டிக்குள் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங் மாதிரி. இரண்டும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட ஸ்வரத்தில் ஊஞ்சலாடும். அந்த ஸ்வரத்தில் பின்பக்கப் பள்ளம் திரும்பி மேடாக வெளியே வந்து, முன்பக்கத்துக்குத் துணை சேர்கிறது. பாட்டில் வாயில் ஊதினால் வரும் ஓசைக்கும் இதே கணக்குதான். கடம் வாசிப்பவர் பானை வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் கும்கியை மாற்றுவாரே, அவர் கையாளுவதும் இதைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் அறிஞர் இந்தக் கணக்கைத் தெளிவாக்கியிருந்தார்.

1954-ல் எட்கர் வில்ச்சர் நேர் எதிர்த் திசையில் போனார். குழலே வேண்டாம், பெட்டியை இறுக்க மூடு. கோனைப் பிடித்திருக்கும் விளிம்பை ரொம்பத் தளர்வாக விடு. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக இருந்து கோனைத் தாங்கட்டும். தன்னிடம் படித்த ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனியை ஆரம்பித்தார். ஆளுயர அலமாரி செய்த வேலையைப் புத்தக அலமாரியில் வைக்கும் பெட்டி செய்தது. க்ளாஸுடன் பின்னால் கூட்டுச் சேர்ந்த ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு. ஆழமான பாஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம். மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுவிட வேண்டும். இன்றுவரை யாரும் இந்த விதியை ஏமாற்றியதில்லை.

இதுவரை பெட்டி செய்வது பாதி அறிவியல், பாதி ஆசாரி வேலை. 1961-ல், ஸ்கீ நாட்டிக் வந்த அதே வருடம், ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் குழல் வைத்த பெட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரை அதைக் கணக்காக மாற்றியது. பத்து வருடம் அதை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்று அதை மறுபடி அச்சிட்டது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து 1972, 1973-ல் தொடராக எழுதினார். இன்று எந்த சப்வூஃபர் வாங்கினாலும் கூட வரும் தாளில் தீல்–ஸ்மால் அளவுகள் என்று சில எண்கள் இருக்கும். வருடங்கள் படகோடு பொருந்துவது வெறும் தற்செயல்தான். ஆனால் அந்தத் தாள்தான் படகுக்குள் இறங்கும் வழி.

அந்த எண்களில் ஒன்று வி.ஏ.எஸ். கோனின் விளிம்பு எவ்வளவு விறைப்போ, அதே விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு அது. ஒரு சப்வூஃபருக்கு இது 60 லிட்டர், தனியாகத் தொங்கவிட்டால் அது இயல்பாக ஆடும் ஸ்வரம் 28 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 60 லிட்டர் மூடிய பெட்டியில் போட்டால் விறைப்பு இரண்டு மடங்கு, ஸ்வரம் 40-க்கு ஏறும். 20 லிட்டரில் அடைத்தால் விறைப்பு நாலு மடங்கு, ஸ்வரம் 56. 200 லிட்டர் கொடுத்தால் 32-லேயே நிற்கும். இடம் கொடுக்காத அளவுக்கு பாஸ் மேலே ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான் சங்கதி.

காரில் கிடைத்த இனாம்

படகுக்குள் போகும் முன் காரைப் பார்க்கணும். 1980-களில் கார் டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைப்பது பெரிய மோகமானது. சின்ன மூடிய பெட்டிக்கே கார் குலுங்கும். காரணம் பெட்டி இல்லை, கார்.

கதவு சாத்திய காரின் உள்ளே நீளம் சுமார் 3 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். 57 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அலையில் பாதிகூட அந்த அறைக்குள் அடங்காது. அப்போது கோன் அலையை அனுப்புவதில்லை. மொத்தக் காற்றையும் பம்பு மாதிரி அமுக்கி விடுகிறது. கீழே போகப் போக இந்த அமுக்கம் ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வரை கூட்டிக் கொடுக்கும். மூடிய பெட்டி கீழே போகப் போக ஆக்டேவுக்கு 12 டெசிபெல் குறைக்கும். கூட்டியும் கழித்தும் சமம்! கார்க்காரர்களுக்கு இயற்கை கொடுத்த இனாம் இது.

படகுக்குக் கூரை கிடையாது. இனாமும் கிடையாது. காரில் அதிர்ந்த அதே பெட்டியை அப்படியே எடுத்து வந்து படகில் வைத்தால் பூனை மாதிரிப் பதுங்குகிறது. வானம் திறந்த இடத்தில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் போகும். சப்வூஃபரிலிருந்து ஒன்றேகால் மீட்டரில் உட்கார்ந்திருப்பவரையும், 20 மீட்டர் கயிற்றின் நுனியில் ஆடுகிறவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் நாலு இரட்டிப்பு, 24 டெசிபெல் நஷ்டம். அதை ஈடுகட்ட 250 மடங்கு மின்சக்தி வேண்டும். அதனால்தான் டவரில் ஏறிய ஸ்பீக்கர்களில் பழைய புனல் திரும்பி வந்தது. ரைஸும் கெல்லாக்கும் வேண்டாம் என்று கழற்றிப் போட்டதை, குரலையும் கிடாரையும் ஒரே திசையில் எறிவதற்காக மறுபடி மாட்டினார்கள். பாஸை அப்படி எறிய முடியாது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர், படகே 7 மீட்டர்தான். அது எல்லாப் பக்கமும் பரவும். ஆக, படகின் சப்வூஃபர் படகுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே. தண்ணீரில் ஆடுகிறவருக்கு அதில் பங்கில்லை.

எங்கே வைப்பது?

திறந்த கூடம் பெரிதாகத் தெரிந்தாலும் படகில் காலி இடம் அபூர்வம். இருக்கைக்கு அடியில் பேலஸ்ட் பை. அது நிறையும்போது ஊதிப் பெருத்து, பக்கத்தில் இருப்பதை நசுக்கும். பின்னால் எஞ்சின், அதன் பக்கத்தில் மற்ற பைகள். மிஞ்சுவது ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவர் கால் நீட்டும் இடத்துக்கு முன்னால் உள்ள அறை. சப்வூஃபர் பெரும்பாலும் அங்கேதான் குடியேறியது. தரை, பக்கச் சுவர், முன் தடுப்பு மூன்றும் சந்திக்கும் மூலை என்பதால் பாஸுக்கும் அது நல்ல இடம். மூலை கொஞ்சம் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

முதலில் செய்த சுலபமான வேலை, அந்த அறையின் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு ஸ்பீக்கரை மாட்டுவது. பெட்டி வேண்டாம், அறையே பெட்டி. இன்ஃபினிட் பேஃபிள். 200 லிட்டர் இடம் இருந்தால் கணக்குப்படி பிரமாதம். ஆனால் அந்த அறை எங்கே மூடியிருக்கிறது? ஸ்டீயரிங் கேபிள் போகும் துளை, த்ராட்டில் கேபிள், வயர் கட்டு, சரியாகப் பொருந்தாத மூடி, கீழே தரையோடு ஓடும் இடைவெளி, எல்லாம் வழி. பின்பக்கக் காற்று இந்தச் சந்து பொந்துகளில் நுழைந்து கூடத்துக்கு வந்து முன்பக்கக் காற்றை அணைத்துவிடும். 1925-ல் தடுப்புப் பலகை தேடவைத்த அதே வியாதி. விலை உயர்ந்த சப்வூஃபர் துடிக்கும்; கேட்பதோ பிளாஸ்டிக் மூடிகள் கடகடக்கும் ஓசை. இன்று படகுக்கான சப்வூஃபர்கள் இரண்டு ரகமாகவே விற்கின்றன. இன்ஃபினிட் பேஃபிளுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. மாற்றி மாட்டினால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது.

இரண்டாவது வழி, அறைக்குள் முறையாக ஒரு பெட்டி. காரின் இனாம் இல்லாததால் இங்கே துராஸின் குழல் பெட்டிக்கு மவுசு. 50 லிட்டர் பெட்டி, 10 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு குழல். குழலின் பயனுறு நீளம் 30 சென்டிமீட்டர் என்றால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கணக்கில் 40 ஹெர்ட்ஸ் வரும். குழலின் இரண்டு வாயிலும் கொஞ்சம் காற்று சேர்ந்தே ஆடுமென்பதால் வெட்டவேண்டிய நீளம் அதைவிடக் குறைவு, சுமார் 23 சென்டிமீட்டர். மரத்தூள் பலகையில் செய்த கார்ப் பெட்டி தண்ணீர் பட்டால் உப்பிவிடும். மரைன் பிளைவுட், கண்ணாடியிழை, கெட்டி பிளாஸ்டிக் இதெல்லாம்தான் தாங்கும். குழலின் வாய் மேலே பார்த்து இருக்கக்கூடாது, தரையோடும் இருக்கக்கூடாது. நனைந்த கால்களோடு ஆள் ஏறுகிற இடம் அது.

இனிமேல்தான் பலர் இடறும் படி. பெட்டியை அப்படியே அறைக்குள் வைத்து அறையை மூடிவிடுகிறார்கள். 12 அங்குலக் கோனின் பரப்பு சுமார் 480 சதுர சென்டிமீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் அரை லிட்டர் காற்று நகரும், நொடிக்கு நாற்பது தடவை. அந்தக் காற்று எங்கே போகும்? 'சின்னதா ஒரு வென்ட் போட்டா போச்சு' என்று 10 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி அழகான மூடி மாட்டுவார்கள். இப்போது அந்த அறையே இரண்டாவது பானை ஆகிவிட்டது! 200 லிட்டர் அறை, 10 சென்டிமீட்டர் வாய், மெல்லிய பலகை. கணக்குப் போட்டால் சுமார் 37 ஹெர்ட்ஸ். அந்த ஒரு ஸ்வரத்தில் பானை கும்மென்று முழங்கும். அதற்கு மேலே போகப் போக வாசல் அடைபட்டது மாதிரி. எந்தப் பாட்டுப் போட்டாலும் ஒரே 'கும்'.

சரி, வாயைப் பெரிதாக்கினால்? கோனின் அளவுக்கே, 500 சதுர சென்டிமீட்டர் திறந்தால் 59 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. சப்வூஃபர் வேலை செய்யும் எல்லையான 80-ஐத் தாண்ட வேண்டுமானால் 1,700 சதுர சென்டிமீட்டர் வேண்டும், அதாவது சுமார் 41 சென்டிமீட்டருக்கு 41 சென்டிமீட்டர் ஜன்னல். காரணம் இதுதான்: மெல்லிய பலகையில் வாயின் பரப்பை இரட்டித்தால் ஸ்வரம் 19 சதவீதம்தான் ஏறும், ஸ்வரம் இரட்டிக்கணும் என்றால் பரப்பு பதினாறு மடங்காகணும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் வேறு வழி பிடித்தார்கள். வாயை விரித்துக்கொண்டே போவதற்குப் பதில், கோனையும் குழலின் வாயையும் பலகை வரைக்கும் கொண்டுவந்து, பெட்டியின் முகமே கூடத்தைப் பார்க்கும்படி ஓரங்களை இறுக்கி ஒட்டிவிடுவது. அறை கணக்கிலேயே வராது. இடையில் பானை இல்லை.

அந்த இன்னொரு வென்ட்

இதுவரை நாம் பேசியது ஆடும் காற்று. முன்னால் போய் பின்னால் வரும். ஒரு நொடியில் நாற்பது முறை ஆடினாலும் கணக்கு முடிவில் ஒரு துளிக் காற்றும் இடம் மாறியிருக்காது. ஆனால் படகில் வென்ட் என்ற சொல் சப்வூஃபருக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. அது ஓடும் காற்றைப் பற்றியது.

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். காரில் கசிந்தால் கீழே இறங்கித் தெருவில் கலைந்துவிடும். படகில் கசிந்தால் போக வழி இல்லை. எந்தப் படகின் அடிவயிறும் தண்ணீர் புகாத தொட்டிதானே! தரைக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ள அந்தக் குழிக்கு பில்ஜ் என்று பெயர். ஆவி அங்கே இறங்கித் தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். ஒரு சுவிட்ச் பொறி போதும்.

அமெரிக்கா 1940 ஏப்ரல் 25-ல் கொண்டுவந்த மோட்டார் படகுச் சட்டம் இதற்காகவே, திறந்த படகுகள் தவிர மற்றவற்றில் எஞ்சின் அறைக்கும் எரிபொருள் தொட்டி அறைக்கும் காற்றோட்ட வழி கேட்டது. 1971-ல் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகள் 1980 ஜூலை 31-க்குப் பிறகு கட்டும் படகுகளில், ஸ்டார்ட்டர் மோட்டாரோடு பெட்ரோல் எஞ்சின் பொருத்திய மூடிய அறைக்கு மின் புளோயரைக் கட்டாயமாக்கின. புளோயர் உறிஞ்சும் குழாயின் வாய் அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்கணும், ஆனால் வழக்கமாகத் தேங்கும் தண்ணீருக்கு மேலே. எஞ்சினைத் திருகும் முன் குறைந்தது நாலு நிமிடம் புளோயரை ஓட்டச் சொல்லும் எச்சரிக்கைப் பட்டை ஸ்டீயரிங் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும். பெட்ரோல் எஞ்சின் இருக்கும் அறைக்குள் எந்த மின்கருவி இருந்தாலும் பொறி வெளியே வராத வகையாக இருக்கணும் என்பதும் விதி. பாட்டுக்கு வைக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் பொதுவாக அந்தத் தகுதியோடு வருவதில்லை.

இப்போது இரண்டு வரலாறுகளையும் பக்கத்தில் வையுங்கள். சப்வூஃபருக்கு இடம் தேடுகிறவர் பின் அறையில் ஒரு தடித்த நெளிகுழாயைப் பார்க்கிறார். கொஞ்சம் மடக்கி ஓரமாகத் தள்ளினால் பெட்டி கச்சிதமாக உட்காரும். அது புளோயரின் குழாய். பக்கச் சுவரில் ஒரு கிரில் கண்ணில் படுகிறது. அதன் வழியாக மழைத்துளி வருகிறது, உள்ளிருந்து அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அது 1940-லிருந்து சட்டம் காத்துவரும் மூச்சு. இன்னொருவர், 'ஏற்கெனவே ஓட்டைதான் இருக்கே, பெட்டியின் குழலையும் பில்ஜுக்குள்ளேயே விட்டுடலாம்' என்கிறார். கோன் காற்றை ஆட்டும், ஓட்டாது. தேங்கிய ஆவியை அது வெளியே தள்ளாது, கலக்கித்தான் விடும். நாலு நிமிடம் என்ன, நாள் முழுக்கப் பாட்டுப் போட்டாலும் சப்வூஃபர் புளோயர் ஆகாது.

மூன்றாவதாக ஒரு மூச்சும் உண்டு, அது ஆம்ப்ளிஃபையருடையது. மூடிய அறையில் வெயிலில் கிடந்தால் சூடு ஏறி தானே அணைந்துவிடும். கிளாஸ்-டி ரகம் வந்தபின் சூடு குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை. அதற்கும் காற்று வேண்டும். ஆனால் அந்தக் காற்று எஞ்சின் அறையிலிருந்து வரக்கூடாது, கூடத்திலிருந்து வரணும்.

ஆக, ஸ்டீயரிங் மேடைக்குக் கீழே பெட்டி வைக்கும் முறை நிலைத்ததற்கு ஒலி மட்டுமே காரணமில்லை. எஞ்சினிலிருந்து படகுக்குள் மிகத் தள்ளி இருக்கும் அறைகளில் அதுவும் ஒன்று. அங்கேயும் எஞ்சினுக்குப் போகும் கேபிள்கள் பக்கச் சுவருக்குள் ஒரு நீண்ட வழியாகத்தான் ஓடுகின்றன. அந்த வழி பில்ஜோடு பேசும். பெட்டியைத் தனியாக மூடி, முகத்தைக் கூடத்துக்குத் திருப்பி, அறையின் பழைய காற்றுவழியைத் தொடாமல் விடுவது இரண்டு கணக்குக்கும் ஒத்துவருகிறது. ஒலிக் கணக்கில் நல்லது எதுவோ அதுவே உயிர்க் கணக்கிலும் நல்லதாக அமைவது எப்போதும் நடக்காது. இங்கே நடந்திருக்கிறது.

படகு வைத்திருப்பவரோ, வைத்திருப்பவருக்கு வேலை செய்து கொடுப்பவரோ இதைப் படித்தால், ரம்பத்தை எடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும். எதிரே இருக்கும் இந்த ஓட்டை எந்தக் காற்றுக்கு? ஆடும் காற்றுக்கு என்றால் லிட்டரும் சென்டிமீட்டரும் கணக்குப் போட்டுத் தாராளமாக மாற்றலாம். தப்பினால் பாட்டுத்தான் கெடும். ஓடும் காற்றுக்கு என்றால் கையை எடுத்துவிடுங்கள்.